பாகூரில் நான் விரல் ஆட்டிய காலம்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு ஒரு விளக்கு வந்திருக்கிறது. முழ நீளக் கருப்புக் கம்பி. சுவிட்சைப் போட்டால் ஒரு பச்சைப் புள்ளி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் அதைப் பின்தொடர வேண்டும். இதைத்தான் நான் வலது கையின் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு வில்லியனூர், பாகூர் ஆஸ்பத்திரிகளில் செய்துவந்தேன். விளக்குக்குத் தோள் வலிக்காது, டீ வேண்டியிருக்காது, முக்கியமாக அது வாயைத் திறக்காது. என்னைவிட நல்ல ஊழியர்தான்.

எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த கார்த்திகா, "கையாலேயேவா மேடம் செஞ்சீங்க?" என்று கேட்டாள். அம்மிக்கல்லில் அரைத்தீர்களா என்று கேட்கிற தொனி. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஏதாவது எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டாள். பாடம் எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன், அதில் பாடம் கிடந்தால் அவர்களே பொறுக்கிக்கொள்ளட்டும்.

விபத்து, தீ, அடிதடி, கண்ணெதிரே ஒரு சாவு. இவற்றைப் பார்த்தவர்களில் சிலருக்கு அந்த நிகழ்ச்சி பழசாவதே இல்லை. நேற்று நடந்தது போலக்கூட இல்லை, இப்போது நடப்பது போல இருக்கும். அப்படிப்பட்டவரை உட்கார வைத்து, அந்த நினைவை மனதில் நிறுத்தச் சொல்லி, விரலைப் பின்தொடர வைப்போம். கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டு நிறுத்தி, "இப்போ என்ன வருது?" என்று கேட்போம். வருவதைச் சொல்வார். மறுபடி ஆட்டுவோம். இ.எம்.டி.ஆர். என்பார்கள். எங்கள் ஜனங்களுக்கு அது "விரல் வைத்தியம்". இது ஏன் பலிக்கிறது என்று படித்தவர்களே இன்னும் ஒருவரோடொருவர் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பலருக்குப் பலிக்கிறது என்பதை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பயிற்சி சென்னையில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது. நாங்கள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து மாறிமாறி விரல் ஆட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து ஹாலில் நடந்த நிச்சயதார்த்தத்துக்கு வந்த ஒரு குடும்பம் வழி தவறி உள்ளே நுழைந்தது. எங்களைப் பார்த்ததும் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்கள். பயிற்சியில் எனக்கு நினைவிருப்பது அதுதான்.

உண்மையான பயிற்சி எனக்கு டாக்டர் தனசேகரிடம்தான் கிடைத்தது. எங்கள் மனநலப் பிரிவின் தலைவர். அரியாங்குப்பத்திலிருந்து பழைய ஸ்கூட்டரில் வருவார். ஒல்லியான மனிதர், பேச்சு அதைவிட ஒல்லி. திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாக மேசை இழுப்பறையிலிருந்து நகவெட்டியை எடுத்து நகம் வெட்டிக்கொள்வார், பிறகு அதை என் பக்கம் நகர்த்துவார். "பேஷண்ட் ஒரு மணி நேரம் இந்த விரலத்தான் பாக்கப் போறாங்க. நகத்துல அழுக்கு இருந்தா அதத்தான் பாப்பாங்க" என்பது அவர் விளக்கம். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது.

மோதிரத்தைக் கழற்றச் சொன்னதும் அவர்தான். அதற்குக் காரணம் இருந்தது. வீடு தீப்பிடித்ததைக் கண்ணால் பார்த்த நெட்டப்பாக்கத்துப் பெண் ஒருத்திக்கு நான் விரல் ஆட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்திவிட்டு, இப்போது என்ன வருகிறது என்று கேட்டேன். "எத்தினி கிராம் இருக்கும்னு வருது" என்றாள். அன்று மாலை வெறும் விரலோடு வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் எனக்கு விளக்கம் சொல்லவே நேரம் தரவில்லை. எந்தக் கடையில் அடகு வைத்தாய் என்றுதான் கேட்டார்.

எந்தப் புத்தகத்திலும் எழுதாத சிக்கல் ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. நெற்றிக்கு நேரே ஒரு கை உயர்ந்தால் எங்கள் மக்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். குனிந்து, கைகூப்பி, விபூதிக்குக் காத்திருப்பார்கள். கண்ணைத் திறந்து பாருங்கள் என்றால் திறப்பார்கள். கையைத் தூக்கினால் மறுபடி மூடிவிடும். பாகூர் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு பாய் வந்தார். விபூதிக்காரர் இல்லையே, பிழைத்தோம் என்று நினைத்தேன். அவரும் மூடினார். ஓதி ஊதுவேன் என்று எதிர்பார்த்தாராம். இந்த விஷயத்தில் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் மத வித்தியாசம் கிடையாது. கடைசியில் டாக்டர்தான் வழி சொன்னார். கையை மேலிருந்து கொண்டுவராதீர்கள், பக்கத்திலிருந்து கொண்டுவாருங்கள் என்றார். அதன் பிறகு கண் மூடவில்லை.

இன்னொரு கட்டம் உண்டு. சிகிச்சை தொடங்கும் முன் மனதுக்கு நிம்மதியான ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளச் சொல்வோம். பயம் மிஞ்சினால் அங்கே ஒதுங்கிக்கொள்ளலாம். மலை, கடல், கோயில் என்று பதில் வரும் எனப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த ஒரு மருமகள் கொஞ்சமும் யோசிக்காமல் "பாத்ரூமு" என்றாள். அங்கே மட்டும்தான் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லையாம். டாக்டரிடம் சொன்னேன். "தாழ்ப்பாள் இருக்கான்னு கேட்டீங்களா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்போ நல்ல இடம்தான்" என்றார்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். என் பதவியின் பெயர் ஆலோசகர். ஆனால் ஆலோசனை சொல்லக் கூடாது. ஒரு மனுஷி எதிரே உட்கார்ந்து அழும்போது, விடும்மா, நடந்தது நடந்துபோச்சு, உன் மேல ஒரு தப்பும் இல்ல என்று சொல்லாமல் இருக்க நான் என்ன கல்லா? எங்கள் தெருவில் துக்கம் கேட்கப் போனால் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள், அவ்வளவு வாய். டாக்டரோ, விரல் நிற்கும் இடைவெளியில் இரண்டே வாக்கியங்கள்தான் பேசலாம் என்றார். இப்போது என்ன வருகிறது என்று கேட்க வேண்டும். எது வந்தாலும், சரி, அதோடு போங்கள் என்று சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. ஒருநாள் அவர் ஒரு ஏலக்காயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "கடிக்காதீங்க. கன்னத்துல அடக்கிக்குங்க" என்றார். ஏலக்காய் வாயில் இருக்கும்வரை புத்திமதி சொல்ல வராது என்பது உண்மைதான். அறை முழுக்கப் பாயச வாசனை அடித்ததை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை.

இந்த நிலையில்தான் கடலோரக் கிராமமான மணப்பட்டிலிருந்து பாஞ்சாலி வந்து சேர்ந்தாள்.

ஐம்பது வயதைத் தாண்டிய மீன்காரி. அவளும் அவள் கூட்டாளி முத்தாலுவும் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒன்றாகக் கூடை சுமந்தவர்கள். தினமும் காலையில் ஷேர் ஆட்டோவில் பாகூர் வந்து மீன் விற்பார்கள். ஒரு மழை நாளில் ஏரிக்கரைத் திருப்பத்தில் குறுக்கே மாடு வந்து ஆட்டோ கவிழ்ந்துவிட்டது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த முத்தாலு ஆஸ்பத்திரி போகுமுன்பே போய்விட்டாள். பக்கத்தில் இருந்த பாஞ்சாலிக்குச் சிராய்ப்புதான்.

அதன் பிறகு பாஞ்சாலி ஆட்டோவில் ஏறவில்லை, பஸ்ஸிலும் ஏறவில்லை. கூடையைத் தலையில் வைத்து மணப்பட்டிலிருந்து நடந்தே வருவாள். அவள் வந்து சேர்வதற்குள் ஐஸ் கரைந்து, மீன் கண் வெளுத்து, வாடிக்கைக்காரர்கள் வேறு கூடையில் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். பிழைப்பு கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதைவிட மோசமாக இன்னொன்றும் இருந்தது. முத்தாலுவின் ஒரே மகள் கலை, கைக்குழந்தைக்காரி, அம்மாவின் கூடையை எடுத்துக்கொண்டு அதே தொழிலுக்கு வந்திருந்தாள். அந்தப் பெண் தேடி வரும்போதெல்லாம் பாஞ்சாலி வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வாள். கலை வீட்டுத் தெருவைத் தவிர்க்கக் கடற்கரையைச் சுற்றிப் போவாள்.

முதல் நாளே காரணத்தைச் சொல்லிவிட்டாள். "சாரல் அடிக்குதுன்னு நாந்தான் அவள ஓரத்துக்குத் தள்ளிட்டு நடுவுல குந்தினேன். நாந்தாம்மா அவள சாவடிச்சது."

ஏலக்காய் மட்டும் இல்லையென்றால் அந்த இடத்திலேயே நான் அரைமணி நேரம் பேசியிருப்பேன்.

பாஞ்சாலிக்குச் சிகிச்சை செய்ததைப் போல ஒரு சோதனை எனக்கு வந்ததில்லை. கண் அருமையாக ஓடியது. காக்காய்க்கும் பூனைக்கும் நடுவில் மீன் விற்ற கண் அல்லவா. ஆனால் விரல் நின்றால் அவள் வாய் ஓடும். வேகமாக ஆட்டு, ஏன் இப்படி ஆடி அசைகிறது என்பாள். கை வலித்தால் மறுகையை வைத்துக்கொள் என்பாள். என் தோள்வலிக்குச் சுறா எண்ணெய் கொண்டுவருகிறேன் என்றாள், கொண்டும் வந்தாள். என்னை நிறுத்தச் சொல்ல வேண்டுமானால் கையைத் தூக்கலாம் என்று சொல்லிவைத்திருந்தேன். அழுகை தாங்காமல் தூக்குவாள் என்று நினைத்தேன். ஏலக்காய் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்கத் தூக்கினாள்.

ஆனால் பெரிய தலைவலி வேறு. வேதனை எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் சுழி, தாங்கவே முடியாது என்றால் பத்து. சிகிச்சை நகர்கிறதா என்று அதை வைத்துத்தான் கணிப்போம். முதல் முறை கேட்டபோது பாஞ்சாலி பத்து என்றாள். விரல் ஆட்டிவிட்டுக் கேட்டேன், மறுபடி பத்து. என் முகம் வாடியிருக்க வேண்டும்.

"சரி, எட்டுன்னு வச்சிக்கோ" என்றாள்.

எட்டு என்று குறித்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, மூஞ்சிய இப்டி வச்சிக்கினா? போவட்டும், உனக்காவ ஏழு. அதுக்குக் கீழ கட்டுப்படியாவாது."

மீன்காரியிடம் எண் கேட்டால் விலைதான் வரும். அவள் முதலில் சொல்வது என்றுமே கடைசி விலை ஆகாது. எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்து இறக்குவதுதான் அவள் தொழில். இரண்டு வாரம் நான் அந்த எண்களைப் பார்த்து, அப்பா, நன்றாக இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளோ அதே வெயிலில் அதே கூடையோடு நடந்தே வந்துகொண்டிருந்தாள்.

டாக்டரிடம் போய் நின்றேன். அவர் கேஸ் முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அதுதான் சிரிப்பு. "விலை கேக்காதீங்க. ஒடம்புல எங்க இருக்குன்னு கேளுங்க. ஒடம்பு பேரம் பேசாது" என்றார். அடுத்த முறை தானும் வந்து மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார்.

அப்படியே கேட்டேன். அந்த மழைநாளை நினைக்கும்போது உடம்பில் எங்கே தெரிகிறது? பாஞ்சாலி கொஞ்சம் யோசித்தாள். கை தானாகப் போய் இடுப்புக்கு மேலே இடது விலாவைத் தடவியது. "இங்க இடிக்குது" என்றாள். அங்கே அடிபட்டதா என்று கேட்க வாய் துடித்தது. மூலையில் டாக்டரின் பேனா ஒருமுறை நாற்காலியைத் தட்டியது. சரி, அதோடு போங்கள் என்று விரலை ஆட்டினேன்.

நிறுத்தியதும், "அடிபட்டது இல்லமா. முழங்கையி" என்றாள்.

சரி, அதோடு போங்கள்.

"யாரோ முழங்கையால இடிக்கிறாங்க. ஆட்டோ இன்னும் கெளம்பல. ஸ்டாண்டுலதான் நிக்குது."

சரி, அதோடு போங்கள். என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் அவள் கண் அப்படி ஓடியது, நிறுத்த மனமில்லை. கடைசியில் நிறுத்தினேன். பாஞ்சாலி என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முத்தாலுதான் இடிக்கிறா. தள்ளிக் குந்துடி, நான் ஓரத்துல குந்தணும்ன்றா. வாய் நெறைய வெத்தல. துப்பணும் அவளுக்கு." அவள் குரல் மாறியது. "எப்பவும் ஓரந்தான் அவளுக்கு. யாராச்சும் குந்திகினு இருந்தா சண்டைக்குப் போவா. சாரல் அடிக்குதுடி, உள்ள வாடின்னு நான் கூப்புட்டேம்மா. நான் கூப்புட்டேன். அவ முழங்கையால ஒரு இடி இடிச்சா."

பிறகு பாஞ்சாலி சிரித்தாள். வயிறு குலுங்க, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "எச்சி துப்பப் போய் செத்தியேடி" என்றாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தும் அளவுக்கு அழுதாள். நானும் அழுதேன். ஏலக்காயை எப்போது விழுங்கினேன் என்பது தெரியாது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது சிரிப்புக்கான துடைப்பு இல்லை.

கிளம்பும்போது பாஞ்சாலி, தான் கலையிடம் போய் இதைச் சொல்லப் போவதாகவும், நான் கூட வர வேண்டும் என்றும் சொன்னாள். அவள் போனதும் டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். இப்போது வந்த நினைவுதான் உண்மை என்று எப்படித் தெரியும்? குற்ற உணர்ச்சி ஒரு கதை கட்டியது போல, ஆறுதலும் ஒரு கதை கட்டியிருந்தால்? அம்மா அப்படிச் செய்கிறவள் இல்லை என்று கலை மறுத்துவிட்டால் இவள் கதி என்ன?

"தெரியாது" என்றார். "நாம போலீஸ் இல்ல, எது நடந்ததுன்னு தீர்ப்பு சொல்ல. கேக்கணும்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க. நீங்க கூடப் போங்க." அவர் என்னிடம் தொடர்ச்சியாகப் பேசிய மிக நீளமான பேச்சு அது.

மறுநாள் மணப்பட்டுக்குப் போனேன். வழியெல்லாம் பஸ்ஸில் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டே போனேன். கலை மறுத்தால் இவளை எப்படித் தேற்றுவது, இவள் அழுதால் கலையை எப்படித் தேற்றுவது என்று இரண்டு பக்கத்துக்கும் வாதம் கைவசம் இருந்தது. இத்தனை வருஷம் அடக்கிவைத்த புத்திமதி எல்லாம் சேர்ந்து வரிசையில் நின்றது.

கலை வாசலில் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலியைப் பார்த்ததும் ஊட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. பாஞ்சாலி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தான் தள்ளிவிட்டதாக நினைத்தது, கடற்கரையைச் சுற்றி நடந்தது, இப்போது நினைவுக்கு வந்த முழங்கை, வெற்றிலை. குழந்தை வாயைத் திறந்துகொண்டு சோற்றுக்குக் காத்திருந்தது. நான் கலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மாவ யாரு சித்தி நடுவுல குந்த வைக்க முடியும்?" என்றாள் கலை. "அந்த ஆட்டோக்காரரு தெனம் வந்து கத்துவாரு, வண்டியோட அந்த சைடு பூரா செவப்பாய்டுச்சின்னு. நாந்தான் தண்ணி ஊத்திக் கழுவி உடுவேன்."

பாஞ்சாலி அப்போதுதான் உட்கார்ந்தாள். தரையில், அப்படியே.

கலைக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுக்கா நீ வரல? அம்மாதான் போச்சி, நீ எங்க போன? அது செத்த அன்னிக்கே நீயும் என்ன உட்டுட்டன்னு நெனச்சேன். நான் இன்னா தப்பு பண்ணேன்னு தெனம் யோசிச்சிகினு கெடந்தேன் சித்தி."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் பேச்சைத் தொடங்கப் பார்த்தேன். "நீ கம்முனு இரு" என்றார்கள் இரண்டு பேரும். இருந்தேன். குழந்தைக்கு மிச்சச் சோற்றை நான்தான் ஊட்டினேன்.

பாஞ்சாலி உடனே ஆட்டோவில் ஏறிவிட்டாள் என்று எழுதினால் பொய். அதற்குப் பிறகும் சில வாரங்கள் வந்தாள். நின்ற ஆட்டோவில் உட்கார்ந்து பழகினாள், அடுத்த தெருவரை போய் இறங்கினாள். பிறகு ஒருநாள், மறுநாள் காலையில் கூடையோடு பாகூர்வரை போகப் போகிறாள் என்று செய்தி வந்தது. நான் விடிந்ததும் மணப்பட்டு ஸ்டாண்டில் போய் நின்றேன். தூறிக்கொண்டிருந்தது. இன்றைக்கா தூற வேண்டும் என்று வானத்தை மனதாரத் திட்டினேன்.

கூடைகளைப் பின்னால் ஏற்றினார்கள். உள்ளே மறு ஓரத்தில் ஏற்கெனவே வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். கலை பாஞ்சாலியின் கையைப் பிடித்து, சாரல் அடிக்கும், நீ நடுவில் உட்கார் சித்தி, நான் ஓரத்தில் உட்காருகிறேன் என்று அவளை முதலில் ஏறச் சொன்னாள். பாஞ்சாலி நகரவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. போச்சு, திரும்பப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் கலையின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

"புள்ளக்காரி நீ உள்ள குந்து" என்றாள். ஓரத்தில் ஏறி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டிரைவரின் முதுகில் தட்டினாள். "மெதுவா போப்பா. ஆனா போ."